எத்தனை படி? எங்கே வைப்பது?

மாணவ நண்பர்களே, உங்கள் பத்தாம் வகுப்பு மதிப்பெண்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? வீட்டுப் பீரோவில் உள்ள சான்றிதழில் இருக்கின்றன என்று சிலர் சொல்வீர்கள். டிஜிலாக்கரில் இருக்கின்றன என்று சிலர் சொல்வீர்கள். இரண்டும் சரியே. ஆனால் டிஜிலாக்கர் என்பது ஓர் இடமன்று. ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு கட்டடத்தில், ஒரு தட்டின்மேல் உங்கள் மதிப்பெண்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தத் தட்டு நாளை பழுதானால்? அந்தக் கட்டடத்தில் தீப்பிடித்தால்? இன்னொரு படி இருக்கிறதா? இருந்தால் எங்கே? அதை முடிவு செய்தவர் யார்?

உங்கள் வீட்டுப் பட்டா, தாத்தாவின் ஸ்கேன் படம், அப்பாவின் வங்கிக் கணக்கு எல்லாவற்றுக்கும் இதே கேள்விகள் பொருந்தும். இவற்றுக்கு விடை சொல்வது கம்ப்யூட்டர்காரரின் வேலை, நமக்கு என்ன என்று பலரும் நினைக்கின்றனர். அது தவறு என்பது என் கருத்து. எத்தனை படி வைப்பது, எங்கே வைப்பது என்பவை கருவியைப் பற்றிய கேள்விகள் மட்டுமல்ல. எது நமக்கு முக்கியம் என்ற கேள்வியும் அவற்றில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள கணக்கும் இயற்பியலும் போதும். வாருங்கள், பார்ப்போம்.

ஒரு பெட்டிக்குள் பல கணிப்பொறிகள்

முதலில் தரவு மையம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்வோம். நான் பாடம் நடத்தும் வெள்ளானூரிலிருந்து ஆவடி வழியாக அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு எளிதில் போய்விடலாம். 1960களில் தொடங்கிய அந்தப் பேட்டையில் முன்பெல்லாம் கடைசல் இயந்திரங்களின் ஓசைதான் கேட்கும். இன்று அங்கே ஜன்னல் இல்லாத பெரிய கட்டடங்களும் எழுந்துள்ளன. என்.டி.டி. நிறுவனம் 2023-லும், டிஜிட்டல் கனெக்ஷன் நிறுவனம் 2024-லும் அம்பத்தூரில் தரவு மையங்களைத் திறந்தன. இரண்டாவது மையத்தின் முதல் கட்டத்திற்கு மட்டும் 20 மெகாவாட் மின்திறன். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் 20,000 ஒரே நேரத்தில் எரிவதற்கு இது சமம். கடலடிக் கேபிள்கள் கரையேறும் ஊர் என்பதால் சென்னைக்கு இந்தத் தொழிலில் தனி மதிப்பு உண்டு.

இந்த மையங்களில் ஒவ்வோர் அலுவலகத்துக்கும் தனித்தனிக் கணிப்பொறி வைப்பதில்லை. ஒரு பெரிய கணிப்பொறிக்குள் மென்பொருளின் உதவியால் இருபது, முப்பது 'கற்பனைக்' கணிப்பொறிகளை ஓட்டுகின்றனர். இவற்றை மெய்நிகர் கணிப்பொறி என்பர். ஒரே வீட்டைத் தடுப்புச் சுவர் வைத்துப் பத்துக் குடித்தனங்களுக்கு விடுவது போன்றது இது. ஒவ்வொரு குடித்தனமும் தனக்கென ஒரு வீடு இருப்பதாகவே நினைத்து வாழும். இந்த எண்ணம் புதிதன்று. ஐ.பி.எம். நிறுவனத்தினர் 1967-லேயே இதனைச் செய்து பார்த்தனர். 1972-ல் விற்பனைக்கும் கொண்டுவந்தனர்.

இப்படிப்பட்ட பெரிய கணிப்பொறிகள் பலவற்றைச் சேர்த்து ஒரு கூட்டமாக இயக்குவதே கொத்து. கொத்தில் ஒரு கணிப்பொறி நின்றுபோனால், அதிலிருந்த குடித்தனங்கள் பக்கத்துக் கணிப்பொறியில் மீண்டும் எழுந்து ஓடத் தொடங்கும். குடியிருந்த வீடு இடிந்தாலும் குடித்தனம் பிழைக்கிறது! எப்படி? வீட்டுச் சாமான்கள் அந்த வீட்டில் மட்டும் இருக்கவில்லை, பொதுக் கிடங்கிலும் இருந்தன என்பதால்தான். ஆகவே மெய்நிகர் கணிப்பொறியின் உயிர் அந்தப் பொதுக் கிடங்கில் இருக்கிறது. அதற்குத்தான் சேமிப்பகம் என்று பெயர்.

ஏரிகளும் சேமிப்பகமும்

சேமிப்பகத்தைப் புரிந்துகொள்ள நம் பக்கத்து ஏரிகளைப் பாருங்கள். வெள்ளானூருக்குக் கிழக்கே புழல் ஏரி இருக்கிறது. பூண்டி, சோழவரம், புழல், தேர்வாய்கண்டிகை, செம்பரம்பாக்கம் ஆகிய ஐந்தும் சென்னைக்குக் குடிநீர் தருகின்றன. இவற்றின் மொத்தக் கொள்ளளவு 11,757 மில்லியன் கனஅடி. குழாயைத் திறக்கும் உங்களுக்கு இது எந்த ஏரித் தண்ணீர் என்று தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. எந்த ஏரியில் எவ்வளவு இருக்கிறது, எதிலிருந்து எவ்வளவு எடுப்பது என்பதை ஓர் அலுவலகம் பார்த்துக்கொள்கிறது. அதற்காக ஒவ்வோர் ஏரியின் மட்டத்தையும் தினமும் அளந்து எழுதுகின்றனர்.

தரவு மையத்திலும் இப்படித்தான். விதவிதமான தட்டுகள், விதவிதமான பெட்டிகள். சில வேகமானவை, விலை அதிகம். சில மெதுவானவை, மலிவு. ஒவ்வொரு பெட்டியின் சார்பிலும் ஒரு சிறு மென்பொருள், "என்னிடம் இவ்வளவு இடம் இருக்கிறது, என்னால் இவ்வளவு வேகம் தர முடியும், இத்தனை படிகள் வைக்க முடியும்" என்று நடுவில் உள்ள கட்டுப்பாட்டுக் கணிப்பொறிக்கு அறிவித்துக்கொண்டே இருக்கும். இதுவே சேமிப்பு வழங்கி. ஏரிக்கரையில் மட்டம் பார்த்துச் சொல்பவரின் வேலை இதற்கு.

மறுபக்கம், ஒவ்வொரு மெய்நிகர் கணிப்பொறிக்கும் ஒரு சீட்டு எழுதப்படுகிறது. "இதன் தரவுக்கு இத்தனை படி வேண்டும், இத்தனை பழுதைத் தாங்க வேண்டும், இவ்வளவு வேகம் வேண்டும்" என்பது அதில் இருக்கும். இதுவே சேமிப்புக் கொள்கை. கட்டுப்பாட்டுக் கணிப்பொறி சீட்டையும் வழங்கியின் அறிவிப்பையும் பொருத்திப் பார்த்து, தரவை எங்கே வைப்பது என்று முடிவு செய்கிறது. பின்னர் ஒரு தட்டு பழுதானால், சீட்டில் உள்ளபடி வேறு தட்டில் படியைத் தானே மீண்டும் கட்டுகிறது.

இந்தச் சீட்டில் எழுதுவது சில வரிகள்தான். ஆனால் உங்கள் மதிப்பெண்களின் விதி அந்தச் சில வரிகளில் இருக்கிறது. எதுவும் எழுதாமல் விட்டால், மென்பொருள் செய்தவர் வைத்த வழக்கமான அளவு தானாகவே அமைந்துவிடும். அந்த அளவு உங்கள் தாத்தாவின் ஸ்கேன் படத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டதன்று.

படி எடுக்கும் வழிகள்

தரவைக் காக்க எளிய வழி, அப்படியே இன்னொரு படி எடுப்பது. 3 டெராபைட் தரவுக்கு 6 டெராபைட் இடம் வேண்டும். ஒரு தட்டு போனாலும் மற்றது இருக்கும். இதைக் கண்ணாடிப் படி என்பர்.

இடம் குறைவாகப் பிடிக்கும் இன்னொரு வழியும் உண்டு. 7, 4, 9 என்ற மூன்று எண்களை மூன்று நண்பர்களிடம் கொடுங்கள். நான்காவது நண்பரிடம் அவற்றின் கூட்டுத்தொகையான 20-ஐக் கொடுங்கள். இரண்டாவது நண்பர் தன் சீட்டைத் தொலைத்துவிட்டார். கவலை இல்லை; 20-லிருந்து 7-ஐயும் 9-ஐயும் கழித்தால் 4 கிடைத்துவிடும். மூன்று பங்கு தரவுக்கு ஒரு பங்கு கூடுதல் இடம்தான். 3 டெராபைட்டுக்கு 4 டெராபைட் போதும். தட்டுகள் உண்மையில் கூட்டல் செய்வதில்லை. அதைப் போன்ற வேறொரு கணக்கைச் செய்கின்றன. ஆனால் தத்துவம் இதுவே. மலிவான தட்டுகள் பலவற்றைச் சேர்த்து இப்படிப் பாதுகாப்புப் பெறும் முறைகளை அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் ஆகிய மூவர் 1988-ல் ஒரு கட்டுரையில் ஒழுங்குபடுத்திச் சொன்னார்கள்.

இரண்டு படிகள் இருந்தால் ஒரு புதுச் சிக்கலும் வரும். இரண்டு பெட்டிகளுக்கும் இடையே உள்ள கம்பி அறுந்துவிட்டது என்று வையுங்கள். ஒவ்வொன்றும், "மற்றது செத்துவிட்டது, இனி நானே பொறுப்பு" என்று எண்ணித் தனித்தனியே எழுதத் தொடங்கினால்? ஒரே வங்கிக் கணக்குக்கு இரண்டு வெவ்வேறு இருப்புகள் வந்துவிடும். இதைத் தடுக்க மூன்றாவதாக ஒரு சாட்சி வைக்கின்றனர். அதனிடம் தரவு இருக்காது. வாக்கு மட்டும் இருக்கும். சாட்சி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் மட்டுமே எழுதலாம். ஆகையால்தான் இரண்டு படி வைக்கவும் மூன்று கணிப்பொறிகள் தேவைப்படுகின்றன.

ஒரு சிறு கணக்கு

இப்போது என் வாதத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தட்டு ஒரு குறிப்பிட்ட வாரத்தில் பழுதாகும் வாய்ப்பு 1,000-ல் 1 என்று கற்பனை செய்துகொள்வோம். இரண்டு தட்டுகளும் அதே வாரத்தில் பழுதாகும் வாய்ப்பு 1,000-ஐ 1,000-ஆல் பெருக்க, 10 லட்சத்தில் 1. மூன்று தட்டுகள் என்றால் 100 கோடியில் 1. ஆகா, மூன்று படி வைத்தால் போதும், நிம்மதியாகத் தூங்கலாம் என்று தோன்றுகிறது அல்லவா?

பொறுங்கள். நிகழ்தகவுகளைப் பெருக்கும்போது ஆசிரியர் ஒரு நிபந்தனை சொல்லியிருப்பார். நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும். ஒரே அறையில் இருக்கும் மூன்று தட்டுகள் அப்படிப்பட்டவையா? அறைக்குள் வெள்ளம் புகுந்தால் மூன்றும் நனையும். தீப்பிடித்தால் மூன்றும் எரியும். அறை முழுவதற்கும் இப்படி ஒரு கேடு வரும் வாய்ப்பு வாரத்துக்கு 10,000-ல் 1 என்று வைத்துக்கொள்வோம். அதாவது 10 லட்சத்தில் 100.

கணக்கை மீண்டும் போடுங்கள். ஒரே அறையில் இரண்டு படி வைத்தால், எல்லாம் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 10 லட்சத்தில் 101. மூன்றாவது படிக்கும் காசு செலவழித்து அதே அறையில் வைத்தால் 10 லட்சத்தில் 100. கண்ட பயன் வெறும் 1!

அதே இரண்டு படிகளை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு ஊர்களில் வைத்துப் பாருங்கள். ஓர் ஊரில் உள்ள படி போகும் வாய்ப்பு, தட்டுப் பழுதையும் அறைக் கேட்டையும் கூட்டினால், 10,000-ல் 11. இரண்டும் ஒரே வாரத்தில் போக, அதை அதனாலேயே பெருக்க வேண்டும். விடை 10 லட்சத்தில் ஏறத்தாழ 1.2. ஓர் அறையில் மூன்று படி வைப்பதைவிட, இரண்டு ஊரில் இரண்டு படி வைப்பது எண்பது மடங்குக்கும் மேல் பாதுகாப்பானது. நான் எடுத்த எண்கள் கற்பனையே. எண்களை மாற்றினால் மடங்கு மாறும். ஆனால் தட்டுப் பழுதைவிட இடக்கேடு பெரிதாக இருக்கும் வரை பாடம் மாறாது.

ஏரிகளே இதற்குச் சாட்சி. பல ஏரிகள் இருக்கின்றன, ஒன்று வற்றினால் மற்றது என்று சென்னை நம்பியிருந்தது. 2019 கோடையில் என்ன நடந்தது? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் ஏறக்குறைய ஒருசேர வற்றின. ஏனெனில் எல்லாம் நம்பியிருந்தது ஒரே வடகிழக்குப் பருவமழையை. எண்ணிக்கையில் பல ஏரிகள்; காரணத்தில் ஒரே ஏரி. அந்தக் கோடையில் உறுதியாகக் கைகொடுத்தவற்றுள் மீஞ்சூர், நெம்மேலிக் கடல்நீர் ஆலைகளும் உண்டு. அவை மழையைச் சார்ந்தவை அல்ல. 2010-ல் தொடங்கிய முதல் ஆலையும் 2013-ல் தொடங்கிய இரண்டாவது ஆலையும் நாளொன்றுக்குத் தலா 100 மில்லியன் லிட்டர் தரும் திறன் கொண்டவை. பாதுகாப்புக்கு வேண்டியது எண்ணிக்கை மட்டுமன்று, வேறுபட்ட காரணமும் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஒளி இழுக்கிறது, மழை தள்ளுகிறது

அப்படியானால் எல்லாத் தரவுக்கும் ஒரு படியை மும்பையில் வைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. இங்கே இயற்பியல் குறுக்கே நிற்கிறது.

கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்னையிலிருந்து மும்பைக்கு நேர்கோட்டுத் தூரமே 1,000 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். போய்வர 2,000 கிலோமீட்டர். எனவே மும்பைக்கு எழுதி, "எழுதிவிட்டேன்" என்ற பதில் வர, குறைந்தது நொடியில் நூறில் ஒரு பங்கு ஆகும். ஒவ்வோர் எழுத்துக்கும் அந்தப் பதிலுக்காகக் காத்திருந்தால், ஒன்றன்பின் ஒன்றாக நொடிக்கு நூறு முறைக்குமேல் எழுத முடியாது. அதே படி நூறு மீட்டர் தள்ளி அடுத்த கூடத்தில் இருந்தால், ஒளி போய்வர நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான்!

அம்பத்தூருக்கும் சிறுசேரிக்கும் இடையே என்றால் ஒளிக்கு ஒன்றும் சிரமமில்லை. ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் போய்வந்துவிடும். ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே மழை பெய்யும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் தெருக்களில் வெள்ளம் நின்றதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் 'தி இந்து' நாளிதழின் சென்னைப் பதிப்பு ஒருநாள் அச்சாகவில்லை. 1878-ல் தொடங்கிய அந்தப் பத்திரிகையின் வரலாற்றில் வெள்ளத்தால் அப்படி நின்றது அதுவே முதல் முறை. மறைமலைநகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியாததே காரணம். இயந்திரம் நன்றாக இருந்தாலும் மனிதர் போக முடியாவிட்டால் வேலை நிற்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

வேகம் வேண்டுமானால் படிகள் அருகருகே இருக்க வேண்டும். பாதுகாப்பு வேண்டுமானால் தள்ளி இருக்க வேண்டும். இரண்டும் முழுமையாகக் கிடைக்காது. ஆகவே அருகில் ஒரு படி உடனுக்குடன், தொலைவில் ஒரு படி சற்றுத் தாமதமாக என்று சமாதானம் செய்துகொள்கின்றனர். அந்தத் தாமதம் எவ்வளவு? ஐந்து நிமிடமா, ஒரு நாளா? கேடு வந்தால் கடைசி ஐந்து நிமிட வேலை போகலாமா, ஒரு நாள் வேலை போகலாமா? இந்தக் கேள்விக்கு எந்த மென்பொருளும் விடை தராது. வங்கிக்கு ஒரு விடை, பள்ளி நூலகப் பட்டியலுக்கு வேறு விடை.

கண்ணாடி காப்பாற்றாது

இன்னொரு தவறான நம்பிக்கையையும் சொல்ல வேண்டும். உடனுக்குடன் எடுக்கும் படி ஒரு கண்ணாடி. நீங்கள் நெற்றியில் மை பூசிக்கொண்டால் கண்ணாடியிலும் மை தெரியும். ஒருவர் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், எல்லாக் கண்ணாடிப் படிகளிலும் அது உடனே அழியும். பத்துப் படி இருந்தாலும் பயனில்லை.

2024 மே மாதம் ஆஸ்திரேலியாவில் இது நடந்தது. யூனிசூப்பர் என்பது 6 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் ஓய்வூதியச் சேமிப்பை நிர்வகிக்கும் நிதியம். அதன் மெய்நிகர் கணிப்பொறிக் கொத்து கூகுள் நிறுவனத்தின் மையத்தில் இருந்தது. ஓரிடம் போனாலும் மற்றோரிடம் காக்கும் என்றுதான் இரண்டு இடங்களில் அமைத்திருந்தனர். ஆனால் கொத்தை அமைத்தபோது கூகுள் பணியாளர் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிட்டனர். நிரப்பாத கட்டத்துக்கு மென்பொருள் தானே 'ஓராண்டு' என்று பொருள் கொண்டது. ஓராண்டு முடிந்ததும் கொத்து முழுவதையும் அழித்துவிட்டது! எந்தத் தட்டும் பழுதாகவில்லை. எங்கும் தீப்பிடிக்கவில்லை. உறுப்பினர்கள் ஒரு வாரம்போல் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் தவித்தனர். கொத்துக்கு வெளியே தனியாக எடுத்து வைத்திருந்த காப்புப் படிகளால்தான் எல்லாம் மீண்டது.

தென்கொரியாவுக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரில் உள்ள அரசுத் தரவு மையத்தில் லித்தியம் மின்கலங்களை இடம் மாற்றும்போது தீப்பிடித்தது. அங்கே 'ஜி-டிரைவ்' என்ற அரசு ஊழியர் சேமிப்பகம் இருந்தது. அலுவல் கோப்புகளைச் சொந்த மேசைக் கணிப்பொறியில் வைக்காதீர்கள், ஜி-டிரைவில் வையுங்கள் என்று அரசே சொல்லியிருந்தது. ஏறத்தாழ 1,25,000 ஊழியர்கள் பயன்படுத்திய 858 டெராபைட் தரவு எரிந்துபோனது. வேறிடத்தில் படி இல்லை. ஏன்? தரவின் அளவு மிகப் பெரிது, அந்தச் சேமிப்பகம் மெதுவானது, அதனால் வெளியே படி எடுக்க முடியவில்லை என்று அதிகாரிகள் காரணம் சொன்னார்கள். மலிவு என்று ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுத்த நாளிலேயே, "இது போனால் போகட்டும்" என்ற கொள்கையையும் அவர்கள் அறியாமலே எழுதிவிட்டார்கள் என்பதுதான் இதன் பொருள். பல ஆண்டுகளாக அங்கே கோப்பு சேர்த்த ஊழியரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை.

தமிழருக்கு இந்த வலி புதிதன்று. 1981 மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அச்சான நூல்களுக்கு வேறு ஊரில் படி கிடைத்தது. வேறு படி இல்லாத சுவடிகள் போனது போனதுதான். மறுபுறம், உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது எப்படி? பல ஊர்களில், பலர் வீடுகளில், பலர் கைப்பட எழுதிய ஏடுகள் தனித்தனியே பிழைத்திருந்ததால்தான். ஓர் ஏட்டில் செல்லரித்த வரி இன்னோர் ஏட்டில் இருந்தது. ஊருக்கு ஊர் படி வைத்த நம் முன்னோருக்கு நிகழ்தகவுக் கணக்குத் தெரியாது. பயன் நமக்குக் கிடைத்தது.

என்ன செய்ய வேண்டும்?

இதைச் சொன்னால் சில நண்பர்கள் மறுப்பார்கள். "ஒவ்வொரு படிக்கும் தட்டு வேண்டும், மின்சாரம் வேண்டும், குளிரூட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மூன்று படி, மூன்று ஊர் என்றால் நாடு தாங்குமா?" என்பர். நியாயமான மறுப்பு. 20 மெகாவாட் என்பது விளையாட்டன்று. அதனால்தான் எல்லாவற்றுக்கும் ஒரே கொள்கை கூடாது என்கிறேன். திருமண வீடியோவின் ஆறாவது படியைத் தாராளமாக அழிக்கலாம். பட்டாப் பதிவேட்டின் இரண்டாவது படியைத் தொடக்கூடாது. எது எதற்கு எத்தனை படி என்று உட்கார்ந்து பிரிப்பவரே செலவைக் குறைக்க முடியும். பிரிக்கத் தெரியாதவர் எல்லாவற்றையும் மிகையாகக் காப்பார், அல்லது எல்லாவற்றையும் குறைவாகக் காப்பார்.

இன்னொரு மறுப்பும் உண்டு. "இது நிபுணர் வேலை, பொதுமக்களுக்கு என்ன புரியும்?" தட்டை மாற்றுவதும் மென்பொருளை நிறுவுவதும் நிபுணர் வேலைதான். அதில் நாம் தலையிட வேண்டாம். ஆனால் எதை இழந்தாலும் பரவாயில்லை என்று சொல்லும் உரிமை தரவுக்கு உரியவருக்கே உண்டு. அணை கட்டுவது பொறியாளர் வேலை. எந்த ஊருக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை அவர் மட்டுமா முடிவு செய்கிறார்?

ஆகவே நான்கு நடைமுறைகளை நான் வேண்டுகிறேன். முதலாவது, பொதுமக்களின் தரவை வைத்திருக்கும் ஒவ்வோர் அலுவலகமும், பள்ளியும், மருத்துவமனையும் தன் சேமிப்புக் கொள்கையை ஒரு பக்கத்தில், எளிய தமிழில் எழுதி வைக்க வேண்டும். எத்தனை படி, எவ்வளவு தாமதம், எத்தனை மணிக்குள் மீட்போம் என்பவை அதில் இருந்தால் போதும். இரண்டாவது, அந்தப் பக்கத்தில் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக்கூடாது. காலிக் கட்டத்தை யாரோ ஒருவர் நமக்காக நிரப்பிவிடுவார். மூன்றாவது, முக்கியமான தரவின் ஒரு படியாவது தொலைவில் உள்ள வேறோர் இடத்தில், வேறு ஒருவரின் சாவியில் இருக்க வேண்டும். சென்னையில் இருப்பதன் படி கோவையிலோ ஓசூரிலோ இருக்கட்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே அதற்கு இடமுண்டு. நான்காவது, ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்தப் படியிலிருந்து தரவை உண்மையாக மீட்டுப் பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத படியை நான் படியாகக் கணக்கில் சேர்க்கமாட்டேன்.

இந்த நான்கில் கடைசியே கடினம். தீயணைப்புப் பயிற்சியைப் போல, தேவை இல்லாதபோது செய்ய வேண்டியிருப்பதால் எல்லோரும் தள்ளிப்போடுகின்றனர். ஒவ்வோர் ஏப்ரலிலும் என் வகுப்பில் யாராவது ஒருவர், "சார், புராஜெக்ட் எல்லாம் பென் டிரைவில்தான் இருந்தது, இப்போது திறக்கவில்லை" என்று வந்து நிற்கிறார். இன்னொரு படி இல்லையா என்றால், அதே பென் டிரைவில் இன்னொரு ஃபோல்டரில் இருக்கிறது என்பார்! சிரிக்காதீர்கள். ஜி-டிரைவுக்கும் இதற்கும் அளவில்தான் வேறுபாடு.

நீங்கள் இன்றே ஒன்று செய்யலாம். ஒரு தாளை எடுத்து, உங்கள் வீட்டில் தொலைந்தால் திரும்பப் பெற முடியாத ஐந்து பொருள்களை எழுதுங்கள். பாட்டியின் ஒரே புகைப்படம், அக்காவின் சான்றிதழ், அம்மாவின் கைப்பட எழுதிய கணக்கு நோட்டு என்று ஏதாவது இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, எத்தனை படி, எங்கே, யாரிடம், கடைசியாகத் திறந்து பார்த்தது எப்போது என்று நான்கு கட்டங்கள் போடுங்கள். பின்னர் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து நிரப்புங்கள். அடுத்து உங்கள் பள்ளி அலுவலகத்துக்குப் போய், வருகைப் பதிவுக்கும் மாற்றுச் சான்றிதழ்ப் பதிவேட்டுக்கும் இதே நான்கு கட்டங்களைத் தலைமையாசிரியரிடம் பணிவோடு கேளுங்கள். அவருக்குப் பதில் தெரியாமல் இருந்தாலும் வருந்த வேண்டாம். நீங்கள் கேட்ட பிறகு அவர் வேறொருவரைக் கேட்பார்.